பதினான்காவது படம்

போன மாதம் ஜெனிஃபர் போன் செய்தாள். ஒரகடத்தில் நான் நர்ஸாக இருந்த அதே தொழிற்சாலையில் இப்போது அவள் இருக்கிறாள். தொழிலாளர்களுக்கு முதலுதவி வகுப்பு எடுக்கும் பொறுப்பும் அவள் தலையில்தான். "சிஸ்டர், பழைய ஆக்சிடென்ட் போட்டோ எல்லாம் உங்ககிட்ட இருக்குமாமே, அனுப்புங்களேன். கிளாஸ்ல எல்லாரும் தூங்கி வழியறாங்க. ரத்தத்தப் பாத்தாத்தான் முழிச்சிக்குவாங்க" என்றாள்.

முடியாது என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்சத சின்னவங்களுக்குச் சொல்லிக்குடுக்க மனசு வரல உங்களுக்கு" என்று போனை வைத்துவிட்டாள். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. நாள் முழுக்க அடுக்களையில் பாத்திரத்தை டமடமவென்று வைத்துக்கொண்டிருந்தேன். கோபம் அடங்கியதும் யோசித்துப் பார்த்தேன். அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தப் படங்களால் என்ன ஆயிற்று என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அங்கே என்னைத் தவிர யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். இது எனக்குப் பெருமை தரும் கதை இல்லை.

நர்சிங் படித்ததையும் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பதினைந்து வருஷம் நின்றதையும் விரிக்கப் போவதில்லை. ரத்தம் எனக்குப் புதிதில்லை என்பது தெரிந்தால் போதும். ஆஸ்பத்திரிக்கு வருகிற ரத்தத்துக்கு நம் கையில் வேலை இருக்கும். துடைக்கலாம், அழுத்தலாம், கட்டலாம். வகுப்பில் திரையில் காட்டுகிற ரத்தத்துக்கு நாம் செய்ய ஒன்றுமே கிடையாது. பார்த்துக்கொண்டு பேச வேண்டியதுதான். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கு விளங்க நாலு வருஷம் பிடித்தது.

இரண்டாயிரத்து எட்டில் ஒரகடத்துக்கு வந்தேன். கார்களுக்கான தகட்டுப் பாகங்கள் செய்கிற கம்பெனி. மருத்துவ அறை என்பது இரண்டு கட்டில், ஒரு பீரோ, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். அதற்கு மேலதிகாரி டாக்டர் வைத்தியலிங்கம். அரசு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். சாதாரணமாக என்னை "என்னம்மா" என்பார். கோபம் வந்தால் "மேடம்" ஆகிவிடுவேன். ஒரு நாளில் எத்தனை மேடம் வாங்கினேன் என்பதை வைத்துத்தான் அன்றைக்கு நான் எப்படி வேலை பார்த்தேன் என்று கணக்குப் போடுவேன்.

ஒவ்வொரு லைனிலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதலுதவி தெரிந்த ஒரு தொழிலாளி இருக்க வேண்டும் என்பது விதி. அவர்களுக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு பச்சைப் பட்டை உண்டு. அவர்களைத் தயார் செய்கிற வகுப்பை ஆரம்பத்தில் டாக்டரே எடுத்தார். விபத்து நடந்தால் அறிக்கைக்காகப் பாதுகாப்புப் பிரிவு எடுக்கிற போட்டோக்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. அதில் நான்கே நான்கைத்தான் அவர் வகுப்புக்கு எடுப்பார். முகம் தெரியக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது. படம் காட்டும்போது விளக்கை அணைக்க விடமாட்டார். கதவு திறந்தே இருக்க வேண்டும். கதவோரத்தில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடக்கும். "ஒரு மாதிரியா இருந்தா எழுந்து போயிடுங்க. எங்கிட்ட கேக்க வேணாம். திரும்பி வந்தாலும் ஏன் போனேன்னு சொல்ல வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். படத்தில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறதோ அதைச் சொல்வார். சொல்லி முடித்த அடுத்த நொடி படத்தை மாற்றிவிடுவார்.

அதன்பிறகு செய்முறை. வெள்ளை ரப்பர் கையுறையின் விரல்களில் பஞ்சை அடைத்து, நூலால் கட்டி, வெட்டி வைத்திருப்பார். துண்டான விரலை எப்படி எடுத்துப் போவது என்பதை ஒவ்வொருவரும் அவரவர் கையால் செய்ய வேண்டும். சுத்தமான துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து விரலைச் சுற்று. அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டு. அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வை. ஐஸ் விரல் மேல் நேராகப் படவே கூடாது. பட்டால் சதை உறைந்து செத்துவிடும். கவர் மேல் பேரும் நேரமும் எழுது. தப்பாகச் செய்தால் பிரித்து மறுபடியும். என்னையும் வரிசையில் நிற்க வைத்துச் செய்யச் சொல்வார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது ஒவ்வொருவரையும் கேட்பார், "இன்னிக்கு ரூமுக்குப் போயி என்ன சமையல்?" யாராவது "தெரில சார்" என்று விழித்தால் அந்த ஆளை மட்டும் நிறுத்தி வைத்து, ஊர் எது, அங்கே மழை உண்டா, கிரிக்கெட்டில் யார் ஜெயித்தது என்று கால் மணி நேரம் வம்பளப்பார். முதல் நாள் பாடம் எடுத்தவர் மறுநாள் எடுக்கக் கூடாது என்றும் ஒரு சட்டம். அவருக்கும் அது பொருந்தும். அவர் ஓய்வில் இருக்கும் நாள் நான் எடுப்பேன். அடுத்த நாள் வகுப்பே கிடையாது.

எனக்கு உள்ளூரச் சிரிப்புதான். ஒரு தடவை கேட்டே விட்டேன். "இத்தன வருஷம் ரத்தத்துலயே நின்ன நமக்கு இதெல்லாம் எதுக்கு சார்? அவங்களுக்கு சரி."

"அவங்க ஒரு தடவ பாக்கறாங்க மேடம். நீங்க எத்தன தடவ பாப்பீங்க?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. மேடம் விழுந்துவிட்டதால் நானும் மேலே கேட்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் டாக்டரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கையெழுத்துப் போட்டுப் போகிற டாக்டரை ஒரு ஏஜென்சி அனுப்பியது. அதே சமயம் வல்லம் வடகாலில் எங்கள் கம்பெனியின் புது யூனிட் வந்தது. தென்மாவட்டங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்களை எடுத்தார்கள். தணிக்கைக்கு ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் எல்லா லைனுக்கும் பச்சைப் பட்டை வேண்டும் என்று ஹெச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், வாரத்துக்கு ஆறு செஷன். ஒரு மணி நேரத்துல முடிச்சிடுங்க. பஞ்சு, நூலு எல்லாம் வேணாம், டைம் தின்னுது. அத அப்படியே ஸ்லைடா போட்டுடுங்க."

எனக்கு அப்போது கொஞ்சம் கர்வம்கூட. டாக்டர் இல்லாமல் நானே நடத்துகிறேன் என்ற கர்வம். உட்கார்ந்து இருபது படம் தயார் செய்தேன். பஞ்சு விரலுக்குப் பதிலாக நிஜ போட்டோ ஒன்றைக் கோப்பிலிருந்து எடுத்துப் போட்டேன். பதினான்காவது படம் அதுதான். ஈரத்துணி விரித்து அதன்மேல் இரண்டு விரல், பக்கத்தில் பிளாஸ்டிக் கவர். கீழே நான் அடித்த விளக்கம். அந்த விரல்களுக்கு உடையவருக்கு மூன்று வருஷம் முன்னால் நான்தான் கட்டுப் போட்டு அனுப்பினேன். மோதிரம் போட்டிருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வளையம் தெரியும். மோதிரத்தை யாரோ கழற்றி அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டார்கள். வெளுத்த வளையம் மட்டும் படத்தில் நின்றுவிட்டது.

முதல் பத்து வகுப்புவரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் கை தூக்கி ஜெபிக்கும்போது, நான் விரல்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. முன் வரிசை முழுவதும் எண்ணி முடித்திருந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்தால் எண்ணினேன். வீட்டுக்காரர் பேப்பர் படித்தால் எண்ணினேன். "என் கையை ஏன் அப்படிப் பாக்கற?" என்று ஒரு நாள் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவருக்குப் பத்தும் இருந்தன. அது எனக்கு ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதல் அடுத்த தடவை பார்க்கும்வரைதான் தாங்கியது.

யாரிடமும் சொல்லவில்லை. ரத்தத்துக்குப் பயப்படுகிற நர்ஸ் என்று பெயர் எடுத்தால் அப்புறம் எந்த முகத்தோடு அந்த வெள்ளைச் சட்டையைப் போடுவது? அதனால் சின்னச் சின்னதாக மாற்றிக்கொண்டேன். விளக்கை அணைத்தேன், பார்க்கிறவர்கள் முகம் தெரியாமல் இருக்கட்டும் என்று. ஏ.சி. போகிறது என்று கதவைச் சாத்தினேன். படம் ஓடும்போது திரையைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினேன். பிறகு ஒரு நாள் பதின்மூன்றாவது படம் முடிந்ததும் பட்டனை இரண்டு தடவை அழுத்தினேன். பதினான்கு கண்ணில் படாமலே ஓடிப்போய்ப் பதினைந்து வந்து நின்றது. யாரும் கவனிக்கவில்லை. அந்த இடத்தை நிரப்ப ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: "விரல் துண்டாயிட்டா ஐஸ்ல வெச்சு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த எல்லாமும் அந்த 'ஐஸ்ல வெச்சு'க்குள் இருந்தது. கேட்டவர்களுக்கு அதில் ஐஸ் மட்டும்தான் இருந்தது. அன்றைக்குப் பிறகு எல்லா வகுப்பிலும் அதே மாதிரி இரண்டு தடவை அழுத்தினேன். எவ்வளவு பேருக்கு அப்படிப் பாடம் எடுத்தேன் என்று எனக்குக் கணக்கே இல்லை.

அப்படிப் படித்தவர்களில் ஒருவன் இசக்கிமுத்து. சங்கரன்கோவில் பக்கம். இருபத்தெட்டு வயசு இருக்கும். பென்னலூரில் நான்கு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். வகுப்பில் நோட்டு எடுத்து எழுதிய ஒரே ஆள் அவன்தான். பச்சைப் பட்டை கிடைத்த அன்று மருத்துவ அறைக்கு வந்து, "சிஸ்டர், ஊர்ல எங்கய்யாவுக்கு ஒரு போட்டோ அனுப்பணும், இத எந்தக் கையில கெட்டணும்?" என்று கேட்டு, இடது கையில் கட்டிவிடச் சொன்னான். தகடு வெட்டுகிற லைனில் அவனுக்கு ஜோடி குமரவேல், வல்லத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குமரவேல் வீட்டில்தான் இசக்கிக்குச் சாப்பாடு.

சித்திரை வெயில், காலை ஷிஃப்ட். நான் வல்லம் வடகால் யூனிட்டில் வகுப்பில் இருந்தேன். அன்றும் இரண்டு தடவை அழுத்திவிட்டுப் பதினைந்தாவது படத்தில் நின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது. கம்பெனி ஜீப்பில் பத்து நிமிஷத்தில் ஒரகடம் யூனிட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆம்புலன்ஸ் வாசலில் தயாராக நின்றது. குமரவேல் உள்ளே உட்கார்ந்திருந்தான். வெட்டுகிற மெஷினில் வலது கையின் மூன்று விரல் போயிருந்தது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்தது. கட்டு கச்சிதம். கட்டின நேரத்தைக்கூடப் பேனாவால் எழுதியிருந்தான் இசக்கி. நான் சொன்ன ஒன்றைக்கூட அவன் விடவில்லை.

"சிஸ்டர், மூணு வெரலும் பத்திரமா இருக்கு. கேன்டீன்ல மோருக்கு வச்சிருந்த ஐஸ வாங்கி அதுல வச்சிட்டேன்" என்று ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கை என் கையில் கொடுத்தான். மூச்சு வாங்கியது. பரீட்சை நல்லபடியாக எழுதிவிட்டு வெளியே வந்தவன் மாதிரி முகம்.

"நல்லா செஞ்சே" என்றேன்.

ஆம்புலன்ஸ் கிளம்பியது. தூக்கு என் மடியில். ஒரு நர்ஸ் அந்த இடத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை மூடியைத் திறந்து பார்ப்பது. இதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸின் முதலுதவிப் பெட்டியில் துணி இருந்தது, கவர் இருந்தது, உப்புநீர் பாட்டில் இருந்தது. திறந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் சரி செய்திருக்கலாம். விரல் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூடிமேல் கையை வைத்தேன். படத்தில் இருந்த அந்த வெளுத்த மோதிர வளையம் கண்ணுக்குள் வந்து நின்றது. கையை எடுத்துவிட்டேன். அவன் நன்றாகப் படிக்கிற ஆள், சரியாகத்தான் வைத்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூக்கின் குளிர் துணியைத் தாண்டித் தொடையில் ஏறியது. அவ்வளவு குளிர் இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

"ஒட்டிடுவாங்க இல்ல சிஸ்டர்?" என்றான் குமரவேல். உதடு வெளுத்திருந்தது. "நம்ப இசக்கி கரெக்டா ஐஸ்ல போட்டுட்டான். அவன் இல்லன்னா இன்னா ஆயிருக்கும்? பசங்க அப்டியே பேப்பர்ல சுத்திகினு வந்திருப்பானுங்க."

பூந்தமல்லி நெரிசலில் வெகு நேரம் நின்றோம். சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கை அறுவை சிகிச்சை டாக்டர் ஓர் இளம் பெண். மூடியைத் திறந்தார். நான் அப்போதும் பார்க்கவில்லை. உள்ளே கிண்ணென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஐஸ் கட்டியா வேறா என்று தெரியவில்லை.

"யாரு இத பேக் பண்ணது?" என்றார். "வெட்டு ரொம்ப கிளீனா இருக்கு. நேரமும் இருந்துச்சு. ஐஸ்ல நேராப் போட்டு ஒறஞ்சு போச்சே. இனிமே இத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது." பிறகு என் உடையைப் பார்த்துவிட்டு, "நீங்க நர்ஸா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நாலாம் நாள் விசாரணை. ஹெச்.ஆர். மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, நான். இசக்கியைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள்.

"ட்ரெயினிங் அட்டெண்ட் பண்ணியா?"

"பண்ணேன் சார்."

"ஐஸ்ல நேரா வைக்கக் கூடாதுன்னு ஸ்லைடு பதினாலுல தெளிவா இருக்கே. நீ என்ன பண்ணிருக்க?"

"அப்படி ஒரு படம் எங்களுக்குக் காட்டலயே சார்." தன் நோட்டை எடுத்துப் பிரித்து மேஜைமேல் வைத்தான். 'விரல் துண்டானால் – ஐஸ்ல வைக்கணும் – உடனே அனுப்பணும்.' மூன்று வரியாக, என் வாக்கியம், என் சொற்கள்.

மேனேஜர் நோட்டைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "சிஸ்டர், மெட்டீரியல்ல இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்" என்றேன்.

பொய் இல்லை. இருந்தது. அந்த ஒரு சொல்லைச் சொன்ன வாய் இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. இசக்கி என்னைப் பார்த்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவன் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றான். பிறகு, "அப்ப நாந்தான் மறந்துட்டேன் போல சார்" என்றான். பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு போனான்.

முதலுதவி செய்தவர் பயிற்சியைப் பின்பற்றவில்லை என்று அறிக்கை எழுதப்பட்டது. அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே அவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். குமரவேல் கட்டுப் பிரிக்க என்னிடம் வருவான். ஒரு நாள், "இசக்கிய ஒண்ணும் பண்ணிட வேணாம் சிஸ்டர். அவன் இன்னா பண்ணுவான், படிச்சது மறந்து பூட்ச்சு. ஆனா எங்க வூட்டுப் பக்கம் வர வேணாம்னு சொல்லிடுங்க. என் பொஞ்சாதி அவன் தலய பாத்தா அழுதுகினே கீறா" என்றான். நான் தலையைக் குனிந்து பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. சாகவும் இல்லை, சொல்லவும் இல்லை. அடுத்த வாரமும் ஆறு வகுப்பு எடுத்தேன். இனியாவது பதினான்காவது படத்தைக் காட்ட வேண்டும் என்று போவேன். விரல் தானாக இரண்டு தடவை அழுத்தும். ஐஸ் நேராகப் படக் கூடாது என்று வாயால் மட்டும் சொல்வேன், அதுவும் சுவரைப் பார்த்து.

இரண்டு மாதம் கழித்து லீவு போட்டுக் காஞ்சிபுரத்துக்கு டாக்டர் வைத்தியலிங்கத்தைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். முடித்ததும் அவர் கேள்வி கேட்டார்.

"லைட்டு?"

"அணைச்சிடுவேன் சார்."

"கதவு?"

"சாத்தியிருக்கும்."

"தொடர்ந்து எத்தன நாள்?"

"ஆறு நாளும்."

"விரல எண்றது எப்ப ஆரம்பிச்சுது?"

சொன்னேன். "அப்பவே ஏன் வரல?" என்றார்.

"பயந்தாங்கொள்ளின்னு நெனப்பீங்கன்னு..."

"பயம் இல்ல மேடம் அது. அடுத்தவன் காயத்தத் தெனம் எடுத்து வெச்சுப் பாடம் நடத்துனா, நடத்தறவங்களுக்கும் அது ஏறும். எனக்கும் ஏறியிருக்கு. ஒரு வருஷம் நான் கறி வெட்டற கடைப் பக்கம் போகல. வரும்னு தெரிஞ்சுதான் அத்தன சட்டம் வெச்சேன். உங்களுக்கு வந்தது தப்பு இல்ல. வந்தத மறைச்சீங்க பாருங்க, அது தப்பு. அந்தப் பையன நிக்க வெச்சுகிட்டு 'இருக்கு'ன்னு சொன்னீங்களே, அத என்னன்னு சொல்றதுன்னு எனக்குத் தெரியல." பிறகு, "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது மேடம்? அவன் இருக்கிற எடம் தெரியும் இல்ல?" என்றார். அன்று மொத்தம் இரண்டு மேடம். இரண்டுக்கும் நான் தகுதிதான்.

ஜெனிஃபர், இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுகிறாய் என்று தெரிந்த அன்றே வகுப்பை நிறுத்திவிடு. லீவு கேள். தர மறுத்தால் சண்டை போடு. உன் பெயர் கெட்டால் கெடட்டும். பாதிப் பாடம் எடுக்கிறவள் பாடமே எடுக்காதவளைவிட மோசம். எடுக்காதவளை நம்பி யாரும் ஐஸைத் தேடி ஓட மாட்டார்கள்.

மறுநாள், நடந்த எல்லாவற்றையும் அப்படியே கடிதமாக எழுதி ஹெச்.ஆர். மேனேஜரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "சிஸ்டர், ரிப்போர்ட் குளோஸ் ஆயிடுச்சு. ஆடிட்ல சைனும் வாங்கியாச்சு. இப்பப் போயி இத எடுத்தா உங்களுக்கும் பிரச்சன, எல்லாருக்கும் பிரச்சன. நீங்க டயர்டா இருக்கீங்க, ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க" என்று கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார். குமரவேலிடம் போய்ச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க கெளம்புங்க சிஸ்டர்" என்றான். அவ்வளவுதான். அதன்பிறகு கட்டுப் பிரிக்க அவன் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான்.

அந்த ஞாயிறு மத்தியானம் பென்னலூருக்குப் போனேன். ஒற்றை ரூம். ராத்திரி ஷிஃப்ட் முடித்த இரண்டு பேர் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கி மூலையில் ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் மறுநாள் ஊருக்குப் போவதாகவும் சொன்னான். பை கட்டி வைத்திருந்தது.

"வாங்க சிஸ்டர், இருங்க" என்று ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டான். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பதினான்காவது படத்தை நான் தள்ளினேன், உங்கள் யாருக்கும் அதைக் காட்டவில்லை, நீ எதையும் மறக்கவில்லை, நான் சொன்னதைத்தான் நீ எழுதினாய், ஆம்புலன்ஸில் நான் மூடியைத் திறக்கவும் இல்லை.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "நெசமாவா சிஸ்டர்?"

"நெசம்."

"நோட்ட எத்தன மட்டம் எடுத்துப் பாத்திருப்பேன்னு தெரியுமா? எங்கயோ ஒரு வரி எழுதாம விட்டுட்டேன்னு. பைத்தியம் பிடிச்சிட்டோன்னு நெனச்சிட்டேன். காட்டுன படம் எப்படி மறக்கும்னு தெனம் கண்ண மூடிக்கிட்டு கெடப்பேன். பதிமூணு வரும். பதினஞ்சு வரும்." தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத இப்பச் சொல்லிக்குடுங்க" என்றான்.

"எத?"

"அந்தப் பாடத்த. முழுசா."

மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நறுக்கி வைத்த முருங்கைக்காயில் மூன்று துண்டு எடுத்தான். நான் என் கைக்குட்டையைக் குடத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, துண்டுகளைச் சுற்றிக் காட்டினேன். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே சுற்றினேன். கடைக் கவர் ஒன்றை உதறிக் கொடுத்தான். அதில் போட்டு வாயை முறுக்கிக் கட்டினேன். சோற்றுக் குண்டானில் தண்ணீர் ஊற்றி, இது ஐஸ் தண்ணீர் என்று வைத்துக்கொள் என்று சொல்லி, கவரை அதில் இறக்கினேன். "ஐஸ் நேராப் படக் கூடாது. பட்டா சதை செத்துடும். கவர் மேல பேரும் நேரமும் எழுதணும்" என்றேன். அவன் எல்லாவற்றையும் பிரித்து, தண்ணீரைக் கொட்டி, முதலிலிருந்து தானே ஒரு முறை செய்தான். ஒரு பிசகும் இல்லை.

செய்துவிட்டுத் தண்ணீரில் மிதந்த கவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இவ்வளவுதானா சிஸ்டர்?" என்றான். "இதுக்கு மூணு நிமிசம்கூட ஆகலயே."